கதையில் வரும் கடவுள்: கிறிஸ்தவ வாசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வில்லியம் பால் யங் தம் பிள்ளைகளுக்காக எழுதிய 'தி ஷாக்' (The Shack, குடில்) என்னும் கதையைப் பதிப்பகங்கள் ஏற்க மறுத்தன. 2007ஆம் ஆண்டில் நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறு பதிப்பகத்தைத் தொடங்கி அதை அமெரிக்காவில் வெளியிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் அது ஒரு கோடிப் பிரதிகளைக் கடந்து விற்றது. சிறு மகளைக் கொலைகாரனிடம் பறிகொடுத்த மேக் என்னும் தகப்பனை, அந்தக் கொடுமையின் தடயம் கிடைத்த அதே குடிலுக்கு வரும்படி ஒரு கடிதம் அழைக்கிறது. அங்கே பிதா 'பாப்பா' என்ற பெயருடைய கறுப்பினப் பெண்ணாகவும், இயேசு மத்தியக் கிழக்கைச் சேர்ந்த தச்சராகவும், பரிசுத்த ஆவியானவர் சரயூ என்னும் ஆசியப் பெண்ணாகவும் அவனை வரவேற்கிறார்கள். வேதாகமத்தை இக்கால ஆங்கிலத்தில் பெயர்த்த யூஜின் பீட்டர்சன், ஜான் பன்யனின் காலத்துக்கு 'மோட்சப் பிரயாணம்' எப்படியோ நம் காலத்துக்கு இந்நூல் அப்படி ஆகக்கூடும் என்று பாராட்டினார். தென் பாப்திஸ்து இறையியல் கல்லூரியின் தலைவர் ஆல்பர்ட் மோலர் இதன் உபதேசம் ஆபத்தானது என்று எச்சரித்தார். இருவருமே நூலின் உள்ளடக்கத்தோடு வாதிட்டவர்கள். ஆனால் அவர்களைப் பின்பற்றிப் பேசிய பலர் நூலைத் திறக்காமலே ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். முதல் தவறு இதுதான். காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்வதை நீதிமொழிகள் 18:13 புத்தியீனம் என்கிறது; புத்தகங்களைப் பற்றிய தீர்ப்புக்கும் அது பொருந்தும்.

படித்தவர்களிடமும் பரவலாகக் காணப்படும் தவறு, தோற்றத்தைப் பற்றிய அதிர்ச்சியிலேயே நின்றுவிடுவது. பிதாவைப் பெண்ணாகக் காட்டியது தேவதூஷணம் என்று சொல்லி விவாதத்தை முடித்துக்கொள்கிறவர்கள், கதை அதற்குச் சொல்லும் காரணத்தைக் கவனிப்பதில்லை. மேக்கின் தகப்பன் குடித்துவிட்டு அடித்தவன். 'தகப்பன்' என்ற சொல்லே அவனுக்குக் காயம். ஆகவே அவன் நெருங்கக்கூடிய உருவில் கடவுள் வருகிறார். தாம் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல என்பதை அந்தப் பாத்திரமே அவனிடம் விளக்குகிறது. மகளின் உடலைத் தேடிச் செல்லும் நாளில், அவனுக்கு இப்போது தகப்பன் தேவைப்படும் என்று சொல்லி, நரைத்த தலைமுடியுள்ள ஆணின் உருவில் வருகிறது. "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்" என்று ஏசாயா 66:13இல் கர்த்தர் பேசுகிறார். லூக்கா 15ஆம் அதிகாரத்தில் காணாமற்போன காசை வீடு பெருக்கித் தேடும் பெண்ணைக் காட்டித்தான் பாவிக்காகப் பரலோகத்தில் உண்டாகும் மகிழ்ச்சியை இயேசு விளக்குகிறார். உவமையில் தாயை ஒப்பிடுவதும், ஒரு நாவல் முழுவதும் பிதாவைப் பெண்ணாக நடமாட விடுவதும் ஒன்றல்ல என்பது நியாயமான மறுப்பு. அந்த வாதம் நடக்கட்டும். ஆனால் வெண்தாடி வைத்த முதியவராகப் பிதாவைக் காட்டும் ஞாயிறு பள்ளிப் படத்தை ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டவர், இந்த ஒரு உருவத்துக்கு மட்டும், உருவம் செய்யாதே என்னும் இரண்டாம் கட்டளையை எடுத்துக் காட்டுவது நேர்மையாகாது. 1667ஆம் ஆண்டில் மாஸ்கோவில் கூடிய ஆர்த்தடாக்ஸ் பேரவை, பிதாவை அப்படி முதியவராக வரைவதையே தடைசெய்தது.

இங்கே எதிர்த்தரப்பின் தவறையும் சொல்ல வேண்டும். நாவலை ஆதரிக்கிறவர்கள், உருவமே கூடாது என்பவர்களைக் கற்பனை வளம் இல்லாத பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சீர்திருத்தச் சபைகளின் போதனை நூலாகிய 1563ஆம் ஆண்டின் ஹைடல்பெர்க் வினாவிடை கடவுளை எந்த வகையிலும் உருவப்படுத்தலாகாது என்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடை ஒரு படி மேலே சென்று, மனத்துக்குள் அப்படி உருவம் சமைப்பதையும் விலக்குகிறது. ஓரேப் மலையிலே அக்கினியின் நடுவிலிருந்து சத்தத்தைக் கேட்டீர்கள், ஒரு ரூபத்தையும் காணவில்லை என்று உபாகமம் 4ஆம் அதிகாரம் நினைவூட்டுவதிலிருந்து பிறந்த நிலைப்பாடு அது. நாவலில் படித்த உருவம் ஜெபத்தில் கண்மூடும்போது முன்னால் வந்து நிற்கும் என்பதை மறுக்க யாராலும் முடியாது. ஆகவே அவர்களுடைய தயக்கத்துக்கு மரியாதை உரியது.

உருவத்தைப் பற்றிய சண்டையில் உண்மையான கேள்விகள் காணாமற்போவதே எனக்குப் பெரிய வருத்தம். 'தி ஷாக்' கதையில் பாப்பாவின் மணிக்கட்டுகளில் சிலுவையின் தழும்புகள் இருக்கின்றன. மகன் பாடுபட்டபோது பிதா அவரைக் கைவிட்டுத் தூரத்தில் நிற்கவில்லை என்பதைச் சொல்ல யங் கையாண்ட அடையாளம் அது. ஆனால் சிலுவையில் பாடுபட்டவர் பிதாவா, குமாரனா என்பது சபை பழங்காலத்திலேயே கடுமையாக வாதாடிய காரியம். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜ் நகரத்து இறையியலாளர் தெர்த்துல்லியன், பிதாவும் குமாரனும் ஒருவரே என்று போதித்த பிராக்சியா என்பவரை எதிர்த்து எழுதிய நூலில், அவர் பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார். பாவத்துக்குத் தாம் தண்டனை கொடுக்கத் தேவையில்லை, பாவமே தனக்குத் தண்டனை என்று பாப்பா பேசும் இடமும் அப்படிப்பட்டதே. தேவனுடைய கோபத்தைப் பற்றிய ரோமர் முதலாம் அதிகாரத்தை அருகில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய பகுதி அது. கறுப்பினப் பெண் என்பதற்காகக் கொதிப்பவர்கள் இந்த இரண்டையும் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். நூலில் உருகிப்போனவர்களும் கடந்துபோகிறார்கள்.

உருகிப்போவது குற்றமல்ல. பிள்ளையை இழந்த ஒருவர், இந்த நாவலைப் படித்த பிறகுதான் மறுபடியும் ஜெபிக்க முடிந்தது என்று சொன்னால், அதைக் கேட்டவுடன் உபதேசப் பிழைகளை எண்ணிக் காட்டுவது இரக்கமற்ற செயல். யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்த வரையில் சரியாகவே நடந்துகொண்டார்கள். அதேவேளை, ஆறுதல் கிடைத்தது என்பதாலேயே நூல் சொல்வதெல்லாம் சத்தியம் என்று முடிவு செய்வதும் தவறு. ஆறுதல் எப்படி வந்தது, எந்த வரியில் வந்தது, அந்த வரி வேதாகமத்தில் உள்ள கர்த்தரைப் பற்றியதா என்று பின்னர் ஒருநாள் பொறுமையாகக் கேட்டுப் பார்க்கலாம்.

பாத்திரத்தின் பேச்சை ஆசிரியரின் போதனையாக எடுத்துக்கொள்வது மற்றொரு பிழை. கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1941ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலிக்கன் வார இதழில், மூத்த பிசாசு ஒன்று இளைய பிசாசுக்குக் கடிதம் எழுதுவதாக ஒரு தொடரை எழுதினார். அதில் கடவுளுக்குப் பெயர் 'எதிரி'. அந்தக் கடிதங்களின் ஆலோசனை பிசாசுத்தனமாக இருக்கிறது என்று சொல்லி, கிராமத்துக் குருவானவர் ஒருவர் சந்தாவை நிறுத்திவிட்டதை லூயிஸே பின்னாளில் எழுதியிருக்கிறார். வேதாகமத்திலும் இந்த வேறுபாட்டைக் காணாமல் தவறுகிறவர்கள் உண்டு. யோபின் நண்பர்களில் ஒருவனான எலிப்பாசின் பேச்சு யோபு புத்தகத்தில் பல அதிகாரங்களை நிரப்புகிறது. கடைசி அதிகாரத்தில் கர்த்தரே அவனும் அவன் நண்பர்களும் தம்மைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கடிந்துகொள்கிறார். அப்படியிருக்க, எலிப்பாசின் வரியை வாக்குத்தத்த வசனமாக எடுத்துக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதப்பட்ட கதைகளில் இந்தக் கவனம் இன்னும் தேவை. ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மன் 2000ஆம் ஆண்டில் முடித்த மூன்று பாக நாவலில் 'அதிகாரி' என்று அழைக்கப்படும் கடவுள், தளர்ந்து நடுங்கும் முதியவராக வந்து காற்றில் கரைந்துபோகிறார். கதைப்படி அவர் படைத்தவர் அல்ல. முதலில் தோன்றிய தூதன், தானே எல்லாவற்றையும் படைத்தவன் என்று மற்றவர்களை நம்பவைத்தவன். முதல் பாகம் 2007ஆம் ஆண்டில் திரைப்படமானபோது அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பொன்று புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், கேன்டர்பரி பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸ் லண்டன் தேசிய நாடக அரங்கில் புல்மனோடு நேருக்கு நேர் அமர்ந்து உரையாடினார். இந்தக் கதைகளைப் பள்ளிச் சமய வகுப்பில் விவாதிக்கலாம் என்பது அவருடைய நிலை. இங்கே கொல்லப்படுவது எந்தக் கடவுள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார். வில்லியம்ஸின் வழியே பலன் உள்ளது என்று நினைக்கிறேன். சாகக்கூடிய, படைக்காத, பொய் சொல்லி ஆளும் ஒருவன் கிறிஸ்தவர்கள் ஆராதிக்கும் தேவன் அல்ல. ஆனால் சபை அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த காலங்களில் அப்படி ஒருவனைத்தான் உலகுக்குக் காட்டினோமா என்ற கேள்வி அந்த நாவலிலிருந்து நம்மை நோக்கி வருகிறது. புறக்கணித்தவருக்கு அந்தக் கேள்வி கேட்காமலே போய்விடும்.

பிள்ளைகளின் காரியத்தில் பெற்றோர் அச்சத்தால் புத்தகத்தைப் பறித்து வைப்பதும், நல்ல கிறிஸ்தவக் கதைதானே என்று கவனிக்காமல் விடுவதும் நடக்கிறது. 1955ஆம் ஆண்டில் ஒரு தாய், இயேசுவைவிட லூயிஸின் நார்னியா கதைகளில் வரும் சிங்கமாகிய அஸ்லானைத் தான் அதிகமாக நேசிக்கிறோமோ என்று தன் மகன் கலங்குவதாக லூயிஸுக்கு எழுதினார். அஸ்லானிடம் அவன் நேசிப்பவையெல்லாம் இயேசு செய்தவையும் சொன்னவையுமே என்று லூயிஸ் பதில் எழுதினார். அத்தோடு, அந்தச் சிறுவன் சொல்லத்தக்க ஜெபம் ஒன்றையும் எழுதிக்கொடுத்தார். தம் புத்தகங்களால் வேறு பிள்ளைகள் யாராவது கலங்கியிருந்தால், அவர்களுக்குத் தீங்கு நேர்ந்திருந்தால், அதற்காகத் தம்மை மன்னிக்கும்படி கடவுளிடம் கேட்கவும் அவனிடம் வேண்டிக்கொண்டார். எழுதியவரே இந்த அளவுக்குப் பொறுப்பை உணர்ந்திருக்கையில், வீட்டில் அக்கதையை வாசித்துக் காட்டுகிறவர்கள், அஸ்லான் கல்மேசையில் உயிர் விடும் அதிகாரத்தை முடித்த அன்று, மாற்கு 15ஆம் அதிகாரத்தையும் பிள்ளையோடு உட்கார்ந்து வாசித்து, இரண்டுக்கும் எங்கே ஒற்றுமை, எங்கே வேறுபாடு என்று அவனையே சொல்லவிடுவது நல்லது.