மண் பாடத்துக்குச் சலித்த மண்ணைக் கொண்டுபோகாதீர்கள்

கிராமத் தங்கலுக்குக் கிளம்பும் நான்காம் ஆண்டு வேளாண் மாணவர்களோடு அரசுப் பள்ளிகளுக்குப் போய்வருவது என் வேலையில் பாதி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மண்ணையும் அதில் வாழும் உயிர்களையும் காட்டிவிட்டு வர வேண்டும். போன வாரம் போன குழு, நான் பதினைந்து வருடத்துக்கு முன் செய்த சொதப்பலை அச்சு அசலாகச் செய்துவிட்டு வந்தது. மைக் வேலை செய்யவில்லை, சார்ட் கிழிந்தது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகத் தெரியும்.

சலித்த மண்

பரிசோதனைக்கு மண் மாதிரி எடுப்பது எங்களுக்கு மனப்பாடம். மர நிழலில் எடுக்காதே, வரப்போரம் எடுக்காதே, எருக்குழிப் பக்கம் போகாதே. நிழலில் உலர்த்து, மரச் சுத்தியலால் தட்டு, 2 மி.மீ. சல்லடையில் சலி. தழை, மணி, சாம்பல் சத்தைக் கணக்கிட இதுதான் முறை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "மண்ணுக்கு உயிர் இருக்கிறது" என்று பேசப்போகும் இடத்துக்கும் கைப்பழக்கத்தில் அதே மண்ணைப் பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போகிறோம்.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் நானும் அப்படித்தான் நின்றேன். ஒரு ஸ்பூன் மண்ணில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் என்று முழங்கிவிட்டு, பையைத் தட்டில் கொட்டினேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி விரலால் தொட்டுப் பார்த்தாள். "சார், இது கேப்பை மாவு மாதிரி இருக்கு. எங்க காட்டுல கட்டி கட்டியா இருக்கும், பூரான் ஓடும்" என்றாள். என்னிடம் பதில் இல்லை. தட்டில் மண்கட்டி இல்லை, அதற்குள் காற்றும் நீரும் போகிற துளை இல்லை, வேர் இல்லை, சருகு இல்லை, ஓர் எறும்புகூட இல்லை. எல்லாவற்றையும் நானே தட்டிச் சலித்து எறிந்திருந்தேன்.

எனக்கு இன்னும் எரிச்சல் எங்கே என்றால், எடுக்காதே என்று கையேடு சொல்லும் மூன்று இடங்களும்தான் இந்தப் பாடத்துக்கு வேண்டிய இடங்கள். வேப்பமரத்தடிச் சருகைப் புரட்டினால் மரவட்டை சுருளும். எருக்குழி ஓரத்தில் மண்புழுவும் வண்டுப் புழுவும் கிடைக்கும். வரப்போரத்தில் புல்வேர் ஓடிய கட்டி ஒன்று, உழுத நிலத்துக் கட்டி ஒன்று எடுத்து, காயவைத்து, கம்பிவலையில் வைத்துத் தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். உழுத நிலத்துக் கட்டி பெரும்பாலும் சில நிமிடத்தில் பொலபொலவென்று கரைந்து உதிரும், வேர் பிடித்தது தாக்குப்பிடிக்கும். பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள். கட்டட்டும். மாவாக இடித்த மண்ணை வைத்து இதில் எதைக் காட்டுவீர்கள்?

எல்.இ.டி. பல்பு

சருகும் மண்ணும் போட்ட புனலுக்கு மேல் விளக்கெரித்தால் சின்னப் பூச்சிகள் சூடும் வறட்சியும் தாங்காமல் கீழே இறங்கும். இத்தாலியப் பூச்சியியலாளர் பெர்லீசே 1905இல் இந்தப் புனலைச் சுடுநீரால் சூடேற்றினார், அப்புறம் ஸ்வீடன்காரர் துல்கிரென் அதற்குப் பல்பு வைத்தார். எல்.இ.டி.யில் வெளிச்சம் உண்டு, சூடு போதாது. பழைய குண்டு பல்பு, 25 அல்லது 40 வாட்டில், தேடி எடுங்கள். அதையும் மண்ணை ஒட்டி வைத்தால் பூச்சி இறங்கும் முன்பே வெந்துவிடும். இரண்டு மூன்று நாள் எரிய வேண்டும், அதனால் பொறுப்பை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

40 நிமிடத்தில் மூன்று படிவு

பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல், வண்டல், களி என்று மூன்று படிவாகப் பிரியும். ஆனால் ஒரு பாடவேளைக்குள் அது கரிசலில் நடக்காது, களி படிய நேரமாகும். முந்தின நாளே பாட்டிலைக் குலுக்கி வையுங்கள்.

கறுப்பு என்றால் சத்து

கரிசலின் நிறத்தைப் பார்த்து மட்கு நிறைந்த மண் என்று சொல்லிவிடுகிறார்கள். பல கரிசல் காடுகளில் கரிமச் சத்து 0.5 சதவீதத்துக்கும் கீழே, அதாவது பரிசோதனை அட்டையில் 'குறைவு'. அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

டிசம்பர் 5

உலக மண் தினத்தன்று மட்டும் போனால் பேனரோடு ஒரு போட்டோ கிடைக்கும். அதே மரத்தடிக்கு ஏப்ரலிலும் போங்கள். மழைக்காலத்தில் செருப்போடு அப்பிக்கொண்ட மண் அப்போது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்.

போன வாரக் குழுவை நாளை மறுபடி அதே பள்ளிக்கு அனுப்புகிறேன், மண் பை இல்லாமல். மண்வெட்டி பள்ளியிலேயே இருக்கிறதாம்.