கோப்பையிலிருந்து செடி வரைக்கும்

மதியச் சாப்பாட்டைப் பரிமாறியதும், கோப்பையில் இருக்கும் ஒவ்வொன்றும் எந்தச் செடியின் எந்தப் பகுதி என்று பிள்ளைகளிடம் கேட்டுத் தொடங்குங்கள். முதலில் சோற்றைக் காட்டி, அது நெல்லின் விதை என்பதைச் சொல்லுங்கள். 2009இல் இறுதிப்போரின்போது வன்னியில் பலரின் உயிரைத் தாங்கியது அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த வெறுங்கஞ்சி என்பதால், இந்த இடத்தை அவசரமாகக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை.

மரவள்ளி வேர் என்பதும் முருங்கையிலை வறை இலை என்பதும் எளிதில் பிடிபட்டுவிடும். கறித்தூளில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். அதில் மஞ்சள் நிலத்தடித் தண்டு, கறுவா பட்டை, கராம்பு விரியாத மொட்டு. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்கடந்து வந்தவை என்பதையும், அதற்கு முன் நம் கறிக்கு உறைப்புத் தந்தது மிளகு என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். பாலைப் பற்றிக் கேட்டால், மாடு மேய்ந்த புல்லில் போய் முடியுங்கள்.

பனங்கிழங்கைக் காயவைத்துப் பெறும் ஒடியலை வேர் என்றே பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். பனம்விதையைப் பாத்தியில் அடுக்கி மண்ணால் மூடினால், விதையிலிருந்து ஒரு குழல் கீழே இறங்கி, அதற்குள் இளங்கன்றே கிழங்காகத் தடிக்கிறது. சில கிழமைகளில் ஒரு விதையை வெட்டினால் உள்ளே பூரான் எனப்படும் வெண்மையான, பஞ்சுபோன்ற சதை இருக்கும். கிழங்கு முற்றியபின் ஒன்றை நெடுக்காகக் கிழித்தால் நடுவில் கூரிய குருத்து தெரியும். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தது ஒடியல், அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல் என்று இரண்டையும் அருகருகே வைத்துச் சுவைக்கக் கொடுங்கள். ஒடியல் மாவைக் கூழுக்குப் போடுமுன் நீரில் ஊறவைத்துப் பிழிவது அதன் கசப்பைப் போக்கவே.

உழுந்தை வயலிலேயே காட்டுவது நல்லது. வவுனியாவின் மேட்டுக்காணிகளில் மாரிமழையோடு வளரும் உழுந்துச் செடியொன்றை, பூக்கும் பருவத்தில் மண்வெட்டியால் வேரோடு கெல்லியெடுத்து, மண்ணை நீரில் மெல்ல அலசுங்கள். வேரில் கடுகளவு முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அங்கே வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கின்றன. உழுந்தங்களியில் நாம் உண்ணும் புரதத்தின் ஒரு பங்கு அவ்வழியில் வந்தது.

கடைசியாக வேலிக்கரைக்குப் போய், முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை ஆகியவற்றைத் தொட்டும் முகர்ந்தும் அடையாளம் காணப் பழக்குங்கள். ஐயமான இலை எதுவானாலும், இலைக்கஞ்சி காய்ச்சிப் பழகிய அம்மம்மா ஒருவரிடம் காட்டி, அவர் சரியென்று சொன்ன பிறகே சட்டியில் போடுங்கள்.