மளிகைக் கடை வைத்து மெம்பர் ஆன தாத்தாவின் கதையை எழுதுவது எப்படி

கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம், பொள்ளாச்சியிலிருந்து வந்து மளிகைக் கடை போட்டு அப்புறம் பஞ்சாயத்து மெம்பரும் ஆன தாத்தா உங்கள் வீட்டில் இருந்தால், அவர் கதையை எழுத முதலில் தேட வேண்டியது மாலை போட்ட போட்டோவை இல்லை. கடனுக்குச் சரக்கு கொடுத்ததை எழுதி வைத்த பற்று நோட்டைத் தேடுங்கள். ஜெயித்தார் என்று போட்டோ சொல்லும், யார் ஜெயிக்க வைத்தார்கள் என்று நோட்டுதான் சொல்லும்.

நோட்டில் வருஷம் இல்லையா? பரவாயில்லை. ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டம் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசா என்று எழுதியிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். எடை வீசையிலும் பலத்திலும் இருந்தால் (40 பலம் ஒரு வீசை) கிலோ வருவதற்கு முந்தைய கணக்கு, ஆனால் பழைய ஆட்கள் சீக்கிரம் மாறவில்லை, அதனால் இதை மட்டும் நம்பாதீர்கள். ௶ என்றால் பற்று, ௷ என்றால் வரவு, ௸ என்றால் மேற்படி. கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) போட்டிருந்தால், ஆங்கில வருஷம் கிடைக்க, சிங்க மாதம் (ஆகஸ்ட் நடுவில்) பிறந்ததிலிருந்து டிசம்பர் வரை 824ஐக் கூட்டுங்கள், ஜனவரிக்குப் பிறகு 825.

இப்போது ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். மாதக்கணக்கில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று பற்றாகவே போய், அறுவடை முடிந்ததும் ஒரே ஒரு வரவு விழும் பெயர்கள் இருக்கும். அவற்றைத் தனித்தாளில் எழுதி, எந்தத் தெரு, யார் வீடு என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டே போனால், தாத்தாவுக்கு ஓட்டு எங்கிருந்து வந்தது என்று பாதி புரிந்துவிடும். வரவே இல்லாமல் கோடு போட்டு அடித்த கணக்குகளைத் தேர்தல் வருஷத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏதாவது பொருந்தினால் அதையும் எழுதுங்கள். பேட்டி எடுக்கும்போது ‘தாத்தா எப்படிப்பட்டவர்’ என்று கேட்காதீர்கள், ‘தங்கமான மனுஷன்’ என்று முடித்துவிடுவார்கள். எவ்வளவு வரைக்கும் கடன் கொடுப்பார், எப்போது ‘இனி இல்லை’ என்பார், மலையாளத்தில் மனு எழுதித் தருவாரா என்று கேளுங்கள்.

இத்தாலியிலிருந்து அமெரிக்கா போய், சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்து, அந்த ஊர் நகர சபை வரை போனவர்களின் பேரன் பேத்திகளும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் சுலபம், ஏனென்றால் 1892இல் நியூயார்க் துறைமுகத்தில் திறந்த எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் இறங்கியவர்களுக்குக் கப்பல் பட்டியல் உண்டு, அதில் பெயர், வயது, தொழில் எல்லாம் இருக்கும், அப்புறம் குடியுரிமை மனுவும் உண்டு. நம் ஆள் எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்தைத் தாண்டி வண்டியில் வந்தவர். அவர் வந்த தேதிக்குத் தாள் தேடி நேரத்தை வீணாக்காமல் கடை வாடகைச் சீட்டு, நிலப் பத்திரம், பஞ்சாயத்து லைசென்ஸ் இவற்றில் எது பழையதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

1949 வரை சித்தூர் கொச்சி ராஜ்யம், அதனால் பழைய அரசுக் கோப்புகளுக்கு எர்ணாகுளம் ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும். பாலக்காடு டவுன் என்றால் அது அப்போது மலபார் ஜில்லா, கோழிக்கோட்டுக்குப் போக வேண்டும். பஞ்சாயத்து மினிட்ஸ் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம், பதிலுக்கு 30 நாள் கெடு. ஒன்று கவனியுங்கள்: கேரளத்தில் 1963க்குப் பிறகு பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது 1979இல்தான். ‘தாத்தா பதினைந்து வருஷம் அசைக்க முடியாத மெம்பர்’ என்று வீட்டில் சொன்னால், அசைக்கத் தேர்தலே நடக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கடன் வாங்கியவர்கள் பெயரை மட்டும் அப்படியே அச்சில் போட்டுவிடாதீர்கள், பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருக்கிறார்கள், ‘வடக்குத் தெருக் குத்தகைக்காரர்’ என்றால் போதும். தாத்தா பொள்ளாச்சி மண்டியில் வைத்த பாக்கியைத் தாராளமாக எழுதலாம், அது நம் வீட்டுக் கடன்.