மழைக்கு வேண்டி முளைப்பாரி போடும் முறை

மழை பொய்த்த ஆண்டில் மாரியம்மனுக்குப் போடும் முளைப்பாரி, அதாவது சட்டியில் வளர்க்கும் முளைப்பயிர், ஊரே சேர்ந்து வைக்கும் வேண்டுதல். அதனால் விதையை வீட்டுக்கு வீடு ஒரு பிடி வாங்குவதுதான் சரி. பழைய பயறு பாதிகூட முளைக்காது. இரண்டு மூன்று நாள் முன்பே பத்து விதையை ஈரத்துணியில் கட்டி, முளைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, சோளம், கம்பு என்று தனித்தனியாக ஓர் இரவு ஊறட்டும். அடியில் ஓட்டையுள்ள மண்சட்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சலித்த கரம்பை மண்ணும் (குளத்து வண்டல்) காய்ந்த எருத்தூளும் கலந்து நாலு விரல் உயரம் நிரப்புங்கள். பெரிய விதை கீழே, சிறுவிதை மேலே. மூடுவதற்கு எருத்தூள் மெல்லிசாகத் தூவினால் போதும்.

சட்டிகளை இருட்டறையில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் முளை பச்சையாகிக் குட்டையாகவே நின்றுவிடும். இருட்டில்தான் வெளிர்மஞ்சளாக நெடுநெடுவென வளரும்.

தண்ணீரில்தான் பலரும் தவறுகிறார்கள். காலையும் மாலையும் கையால் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. தண்ணீர் தேங்கினால் புளித்த வாடை வரும், விதைமேல் பஞ்சுபோல் பூஞ்சணம் படரும். அந்த இடத்தை மட்டும் கிள்ளி எடுத்து, ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குத்திப் பார்த்து, ஒரு வேளை மட்டும் தண்ணீர் தெளிக்காமல் விடுங்கள்.

இரவில் பெண்கள் கும்மி கொட்டிப் பாடுவார்கள். ஒன்பதாம் நாள் ஊர்வலம். அதற்குமுன் சாயும் முளைகளை நூலால் தளர்வாகச் சுற்றுங்கள். ஊர்வலம் முடிந்ததும் முளைப்பாரியைக் கண்மாயில் கரைப்பது வழக்கம். அது வறண்டு கிடந்தால் தோட்டத்துத் தொட்டியில் கரைக்கலாம். குடிநீர்க் கிணற்றில் மட்டும் போடாதீர்கள்.