லஃப்ராய்க் விஸ்கியைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரைக்கு அப்பால் உள்ள ஐலா தீவில், போர்ட் எலன் ஊரிலிருந்து கிழக்கே செல்லும் சாலையில், லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் என்ற மூன்று வடிசாலைகள் கடலைப் பார்த்தபடி அடுத்தடுத்து நிற்கின்றன. இவற்றுள் லஃப்ராய்க், ஜான்ஸ்டன் சகோதரர்களான டொனால்டும் அலெக்சாண்டரும் தொடங்கியது; அதன் புட்டிகளில் 1815 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. புகையும் மருந்து நெடியும் கலந்த அதன் மணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், கடல், மழை, சதுப்பு நிலம் என்று விளம்பரப் படங்களில் கண்டவற்றையே காரணமாகச் சொல்லிவிட்டு, கட்டடத்துக்குள் நடக்கும் வேலையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கீழே சொல்லப்படும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தப் பழக்கத்திலிருந்து பிறந்தவையே.

முதல் பிழை, எல்லாம் தண்ணீரின் மகிமை என்பது. பீட், அதாவது சதுப்பில் மக்கிய தாவரங்களால் ஆன கரிமண், படிந்த நிலத்தின் வழியாக ஓடிவரும் ஓடைநீர் பழுப்பாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் புகை மணம் அந்த நீரிலிருந்து வருவதில்லை. இதற்கு லஃப்ராய்க்கின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. அதன் விற்பனை முகவராக நெடுங்காலம் இருந்தது, பக்கத்து லகவூலினின் உரிமையாளரான பீட்டர் மாக்கியின் நிறுவனம். 1907இல் அந்த உரிமை பறிபோனதும் மாக்கி வழக்குத் தொடுத்தார். லஃப்ராய்க்குக்குத் தண்ணீர் வரும் வழியைக் கற்களால் அடைக்கவும் செய்தார். நீதிமன்றம் தலையிட்டு அதைத் திறக்க வைத்தது. அதன்பிறகு அவர் 1908இல் லகவூலின் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்ற சிறிய வடிசாலையைக் கட்டி, லஃப்ராய்க்கின் வடிகலன்களைப் போலவே கலன்களை அமைத்து, அங்கே வேலை பார்த்த ஆளையே அழைத்துவந்து, அதே விஸ்கியை எடுத்துவிட முயன்றார். மால்ட் மில் 1960களின் தொடக்கம் வரை இயங்கியது; ஆனால் அங்கே எடுத்த சரக்கு ஒருநாளும் லஃப்ராய்க் ஆகவில்லை. ஒரே ஊர், ஒரே மாதிரிக் கலன், கைதேர்ந்த ஆள் என எல்லாம் இருந்தும் வராத ஒன்றைத் தண்ணீரின் பெயரால் மட்டும் விளக்குவது எளிதல்ல.

புகை ஏறுவது பார்லியில். மரம் அரிதான தீவில் கைக்கெட்டிய எரிபொருள் பீட். அதனால்தான் அது உலைக்குள் வந்தது. பார்லியை ஊறவைத்து, தரையில் பரப்பி, வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமலும் குவியல் சூடேறாமலும் இருக்க இரவுபகலாகக் கிளறிவிட்டு முளைக்க வைக்கிறார்கள். முளைத்த தானியத்தைத் துளையிட்ட தளத்தின் மேல் கொட்டிக் கீழே பீட்டை எரிக்கிறார்கள். தீ கொழுந்துவிட்டு எரிந்துவிடக் கூடாது. குறைந்த சூட்டில் புகைந்துகொண்டே இருக்க வேண்டும். ஏனெனில் உமி ஈரமாக இருக்கும் வரைதான் புகையிலுள்ள, மணம் தரும் பீனால் என்ற சேர்மங்கள் அதில் ஒட்டும். காய்ந்துவிட்டால் எவ்வளவு புகை போட்டாலும் பெரிதாகப் பயனில்லை. ஆகவே லஃப்ராய்க்கில் முதலில் பல மணி நேரம் புகை மட்டும் காட்டி, அதன்பிறகே சூடான காற்றால் உலர்த்துகிறார்கள்.

இந்த இடத்தில் எதிர்த்திசையிலும் ஒரு மிகை உண்டு: லஃப்ராய்க் தனக்கு வேண்டிய மால்ட் (முளைக்க வைத்து உலர்த்திய பார்லி) முழுவதையும் தானே தரையில் முளைக்க வைக்கிறது என்பார்கள். அங்கே தயாராவது தேவையின் ஒரு சிறு பகுதிதான். பெரும்பகுதி போர்ட் எலனில் உள்ள மால்ட் ஆலையிலிருந்து வருகிறது. லகவூலினுக்கும் மால்ட் அங்கிருந்தே போகிறது.

அடுத்தது, எண்ணை வைத்துப் புகையை அளப்பது. லஃப்ராய்க்கின் மால்டில் பத்து லட்சத்தில் சுமார் 40 முதல் 45 பங்கு பீனால் என்று சொல்லப்படுவது, உலர்ந்த தானியத்தில் எடுத்த அளவு. அரைக்கும்போதும், சாறு பிரிக்கும்போதும், காய்ச்சும்போதும் அதில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. கோப்பைக்கு வருவது மிச்சம்தான். எவ்வளவு மிச்சம் என்பதைக் காய்ச்சும் முறை தீர்மானிக்கிறது. இரண்டாம் வடிப்பில் முதலில் வருவதை ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசியில் வருவதை மறுபடி காய்ச்ச அனுப்புவது எல்லா மால்ட் வடிசாலைகளிலும் உள்ள வழக்கம். லஃப்ராய்க்கில் முதல் 45 நிமிடங்களை ஒதுக்குகிறார்கள். இது வழக்கத்தைவிட மிக நீண்டது. பழ வாசனை தரும் எஸ்டர்கள் ஓட்டத்தின் தொடக்கத்தில் அதிகம் வருவதால் அவை இப்படிக் குறைந்துபோகின்றன. பீனால்கள் பிந்தி வருபவை. நடுப்பகுதியை ஏறத்தாழ 60 சதவீத ஆல்கஹால் வரை இறங்கவிட்டு எடுப்பதால் அவை உள்ளே வந்து சேர்கின்றன. என்னைக் கேட்டால், லஃப்ராய்க்கை லஃப்ராய்க் ஆக்கும் தனி முடிவு இதுவே. தீவில் கிடைப்பது பீட். கடிகாரம் பார்த்து ஓட்டத்தை மாற்றிவிடுவது மனிதரின் வேலை.

ஐலா என்றாலே புகை என்ற பொதுவிதியும் தவறு. அதே தீவின் புன்னஹாவன் வடிசாலை பெரும்பாலும் பீட் புகையில்லாத விஸ்கியையே எடுக்கிறது. புருயிக்லாடி வடிசாலை ஒரு பக்கம் புகையே இல்லாததையும், மறுபக்கம் பீனால் அளவு 100ஐத் தாண்டும் மால்டில் ஆக்டமோர் என்ற விஸ்கியையும் தருகிறது. லஃப்ராய்க்கின் ஆஸ்பத்திரி வாசனைக்குக் கடற்பாசியும் அயோடினும் காரணம் என்பதும் அடிக்கடி காதில் விழுவது. அது கிரெசால் போன்ற பீனால் வகைச் சேர்மங்களின் மணம். கறுப்பு பினாயிலைத் திறந்தால் மூக்கில் ஏறுவதும் இதே குடும்பம்தான். கடற்காற்று பீப்பாய்க்குள் புகுந்து உப்பேற்றுகிறது என்று அடித்துச் சொல்கிறவர்கள், அதே தீவின் கால் ஈலா விஸ்கியில் பெரும்பகுதி தொட்டி லாரிகளில் ஏறி நிலப்பகுதிக் கிடங்குகளில்தான் முதிர்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வயது கூடினால் புகையும் கூடும் என்பது தலைகீழான கணக்கு. பீப்பாயில் ஆண்டுகள் ஏற ஏறப் புகை அடங்கி, மரத்தின் இனிப்பு மேலெழுகிறது. புகைக்காகவே வாங்குகிறவர் பத்தாண்டுச் சரக்கை விட்டுவிட்டு அதிக விலைக்கு முப்பதாண்டுச் சரக்கை வாங்கினால் ஏமாற்றம் அடையக்கூடும். நிறத்தை வைத்து வயதைக் கணிப்பதும் கூடாது. சட்டப்படி ஸ்காட்ச்சில் கேரமல் நிறமி சேர்க்கலாம். பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி வைத்திருந்த பீப்பாய் வெளிர்நிறமும், ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் பீப்பாய் அடர்நிறமும் தரும். மொலாசஸ் சாராயத்தில் நிறமேற்றி விஸ்கி என்று விற்பதைப் பார்த்துப் பழகிய நம் ஊர்க் கண்ணுக்கு அடர்நிறமே தரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

வரலாற்றில் அதிகம் சிதைவது பெஸ்ஸி வில்லியம்சனின் கதை. முதலாளியின் உயிலால் வடிசாலை கைக்கு வந்த அதிர்ஷ்டக்காரத் தட்டச்சர் என்று அவரை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவர் 1934இல் தற்காலிக அலுவலக வேலைக்கு வந்தார். ஜான்ஸ்டன் குடும்பத்தின் கடைசி வாரிசான இயன் ஹண்டர் பக்கவாதத்தால் முடங்கிய பிறகு நிர்வாகம் பெஸ்ஸியின் தோளில் விழுந்தது. போர்க்காலத்தில் கட்டடங்களை ராணுவம் பயன்படுத்தியபோதும் அவர்தான் பொறுப்பில் இருந்தார். 1954இல் ஹண்டர் இறந்து உரிமை அவருக்கு வந்தபோது, அவர் ஏற்கெனவே பல ஆண்டுகளாக அதை நடத்திவந்தவர். 1972இல் ஓய்வுபெறும் வரை தொடர்ந்தார். ஸ்காட்ச் வடிசாலை நடத்திய முதல் பெண் என்று அவரைப் புகழ்வதும் பிசகு. கார்டூ என்ற வடிசாலையை எலிசபெத் கமிங் 19ஆம் நூற்றாண்டிலேயே நடத்தி, புதுக்கிக் கட்டி, 1893இல் ஜானி வாக்கர் நிறுவனத்துக்கு விற்றிருக்கிறார்.

கோப்பைக்கு வந்தபின் செய்யும் தவறுகள் சிறியவை. தண்ணீர் சேர்ப்பது விஸ்கிக்கு இழுக்கு என்பார்கள்; கலவை நிபுணர்களோ ஆல்கஹால் 20 சதவீதமாகும் அளவுக்கு நீர்த்துத்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். பனிக்கட்டிதான் மணத்தை அடக்கும். புட்டியில் அடைக்கும் முன் குளிரவைத்து வடிகட்டாத வகைகளில் தண்ணீர் பட்டதும் லேசான கலங்கல் தோன்றினால் கலப்படம் என்று கொள்ள வேண்டாம். கொழுப்பு அமில எஸ்டர்கள் திரள்வதால் அப்படி ஆகிறது. ஒயின் போலப் புட்டியைப் படுக்க வைத்தால் ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். நிமிர்த்தியே வைக்க வேண்டும். புட்டிக்குள் வயது கூடாது என்பதால், பத்தாண்டுச் சரக்கை இருபது ஆண்டுகள் அலமாரியில் பூட்டி வைத்தாலும் அது பத்தாண்டுச் சரக்காகவே இருக்கும்.

1994 முதல் வாடிக்கையாளர்களுக்கு லஃப்ராய்க் தன் நிலத்தில் ஒரு சதுர அடி ஒதுக்குவதால், ஸ்காட்லாந்தில் தமக்குச் சொந்த மண் இருப்பதாகச் சிலர் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்கள். அது ஆயுள் குத்தகைதான், கிரயப் பத்திரம் அல்ல. அதற்கு வடிசாலை தரும் ஆண்டு வாடகை ஒரு மிடறு விஸ்கி, அதையும் நேரில் போய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.