பாதி மாத்திரையும் ஒரு நோட்டும்

எனக்குச் சுகர் வந்து 11 வருடம். இரண்டாம் வருடம், யாரோ அனுப்பிய செய்தியை நம்பி சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்க ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.1லிருந்து 8.4 ஆனது. “மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?” என்று டாக்டர் கேட்டார். “போடுகிறேன் சார்” என்றேன். அவர் பாவம், டோஸை ஏற்றினார். பயத்தில் நான் அதை முழுதாகப் போட, நாலாம் நாள் கை நடுங்கி, சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. சுகர் மீட்டரில் 58.

சுகர் 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறியதும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சுகர் ஏறுவதை மெதுவாக்கும்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். சாப்பிட்டது, போட்ட மாத்திரை, மீட்டர் காட்டியது எல்லாம் அதில் ஏறட்டும். முக்கியமாக, விட்டுப்போன மாத்திரை.

“இதைச் சாப்பிட்டால் சுகர் ஏறவே ஏறாது” என்று யாராவது சொன்னால் சண்டை போட வேண்டாம், சோதித்துப் பாருங்கள். மாத்திரையில் கை வைக்காமல், சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. ஒரு நாள் போதாது, அதே அளவில் மூன்று நாளாவது பாருங்கள். கையைக் கழுவித் துடைத்த பிறகே விரலைக் குத்துங்கள். ஆரஞ்சு உரித்த கையோடு குத்தி 243 பார்த்து அரண்டவன் நான். கழுவிவிட்டுப் பார்த்தால் 151!

பெயர் தெரியாத பொடிகளை மட்டும் இப்படிச் சோதிக்காதீர்கள். சிலவற்றில் சுகர் மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது. பொடி சட்டென்று வேலை செய்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த மாத்திரை லோ சுகர் ஆக்குமா? ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது? வாந்தி, பேதி வந்த நாளில் எதை நிறுத்துவது? மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை வயிற்றைப் படுத்தினால் அதையும் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகை உண்டு. அதை வருடக்கணக்கில் போடுபவர்கள் பி12 வைட்டமின் பரிசோதனை பற்றியும் கேட்கலாம்.

58க்குப் பிறகு டாக்டரிடம் போய் உண்மையை ஒப்புக்கொண்டேன். திட்டு விழும் என்று நினைத்தேன். “எந்தத் தேதியிலிருந்து பாதி?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தேதி தெரியவில்லை.