எழுப்புதல் கூட்டத்துக்கு முன்னும் பின்னும்: ஒரு பாப்டிஸ்ட் சபை செய்ய வேண்டியவை

விசுவாசிகள் புத்துயிர் பெறும்படி சில இரவுகள் தொடர்ந்து கூடும் எழுப்புதல் கூட்டத்தை நடத்தலாம் என்று சபையில் பேச்சு எழுந்தவுடன், போதகருக்குத் துணைநிற்கும் உதவிக்காரர்களின் (டீக்கன்களின்) மேசைக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பிரசங்கியாராக யாரை அழைப்பது, எத்தனை இரவுகள் நடத்துவது, பாடல்களை யாரிடம் ஒப்படைப்பது, செலவுக்கு என்ன வழி. இவை கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் போதகராக நான் கண்டவரையில், கூட்டத்தின் பலன் இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளைக் காட்டிலும், அந்தச் சபை ஏற்கெனவே வாரந்தோறும் எப்படிக் கூடிவருகிறது என்பதையே அதிகம் சார்ந்திருக்கிறது. ஆகையால் நான் இங்கே சொல்லும் வழிமுறை வழக்கமான கூடுகைகளைச் செப்பனிடுவதில் தொடங்குகிறது. சிறப்புக் கூட்டம் அதற்குப் பின்னரே வருகிறது.

தேதியை நாம் அச்சடிக்கலாம், ஆவியானவரை அந்தத் தேதிக்குள் அடைக்க முடியாது. எண்பத்தைந்தாம் சங்கீதத்தைப் பாடியவன், தேவன் தன் ஜனத்தைத் திரும்ப உயிர்ப்பிக்க மாட்டாரா என்று கேட்கிறான். அவன் கையில் இருந்தது விண்ணப்பம் மட்டுமே. வேதவசனம், ஜெபம், பாவ அறிக்கை, கர்த்தருடைய பந்தி (திருவிருந்து) ஆகிய வழிகளில் உண்மையாய் நிற்பது சபையின் கடமை, உயிர் கொடுப்பது தேவனுடைய செயல். இந்த எல்லையை விளம்பரத் தாளிலும் மறக்கக்கூடாது என்பது என் கருத்து. நடக்கப்போகும் கூட்டத்தை "மாபெரும் எழுப்புதல்" என்று முன்கூட்டியே அச்சடிப்பது, கேட்டுப் பெற வேண்டியதைக் கையில் வாங்கிவிட்டதாக அறிவிப்பதாகும்.

ஜெபக்கூட்டத்திலிருந்து தொடங்குங்கள்

முதல் வேலையாக, நான்கு வாரங்களுக்கு எதையும் மாற்றாமல், வாரநாள் ஜெபக்கூட்டத்தில் நேரம் எங்கே செலவாகிறது என்று உதவிக்காரர் ஒருவரைக் குறித்துவரச் சொல்லுங்கள். பல சபைகளில் ஒரு மணி நேரக் கூட்டத்தில் பாடல்களுக்கு இருபது நிமிடம் போகும், போதகரின் செய்திக்கு இருபத்தைந்து நிமிடம் போகும், ஜெபக்குறிப்புகளைச் சொல்வதற்குப் பத்து நிமிடம் போகும். எஞ்சிய ஐந்து நிமிடத்தில் போதகர் ஒருவரே எல்லாருக்காகவும் ஜெபித்து முடித்துவிடுவார். பெயரளவில் அது ஜெபக்கூட்டம், நடப்பில் அது இன்னொரு ஆராதனை. இந்தக் கணக்கை யாரையும் குற்றப்படுத்தாமல் சபையின் முன் வைத்தாலே பாதி விவாதம் தீர்ந்துவிடும்.

பிறகு கூட்டத்தைத் திருப்பி அமையுங்கள். ஒரு பாடல், ஐந்து நிமிடத்துக்குள் ஒரு வேதபகுதி, மீதி நேரம் முழுவதும் ஜெபம். குறிப்புகளை வரிசையாகச் சொல்லவிட்டுக் கடைசியில் ஒருவர் ஜெபிப்பதைவிட, ஒருவர் ஒரு தேவையைச் சொன்னவுடன், "இதற்காக இப்போது யார் ஜெபிக்கிறீர்கள்?" என்று கேட்டு, அங்கேயே ஜெபித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. நோயின் முழு வரலாற்றையும் சொல்லும் வழக்கம் தானாகவே குறையும். நீண்ட ஜெபம் செய்யும் மூத்தவர்களிடம் தனியே, மரியாதையோடு பேசுங்கள். சபை நடுவே அவர்களைத் தடுக்க வேண்டாம். புதிய விசுவாசிகளுக்கு ஒரே வாக்கியத்தில் ஜெபிக்கச் சொல்லிக்கொடுங்கள். அமைதி ஏற்பட்டால் அதை உடனே பாட்டால் நிரப்பிவிடாதீர்கள். ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருந்தால் பல போதகர்களுக்குப் பதற்றம் வந்துவிடுகிறது, அதுவரை வாய் திறக்காதவர் திறப்பதோ பெரும்பாலும் அந்த நிமிடத்துக்குப் பிறகுதான்.

இதில் பழைய அனுபவம் நமக்குக் கைகொடுக்கிறது. 1857 செப்டம்பரில் நியூயார்க் நகரின் ஃபுல்டன் தெருவில் ஜெரமையா லான்ஃபியர் தொடங்கிய நண்பகல் ஜெபக்கூட்டத்தில் முதல் நாள் அரை மணி நேரம் அவர் தனியாகவே இருந்தார். மணி ஒன்றாவதற்குள் வந்து சேர்ந்தவர்களோடு சேர்த்து ஆறு பேர். அந்தக் கூட்டம் பெருகியபோது வகுக்கப்பட்ட ஒழுங்குகள் எளிமையானவை. ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக்கூடாது, சர்ச்சைக்குரிய உபதேசங்களை அங்கே கிளப்பக்கூடாது, வேலைக்குத் திரும்ப வேண்டியவர் இடையில் எழுந்து போகலாம். இந்த மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன், குறிப்பாக மூன்றாவதை. ஒரு மணி நேரம் முழுவதும் உட்கார முடியாதவர்கள் வராமலே இருந்துவிடுவது நம் சபைகளில் சாதாரணம்.

ஜெபத்தின் பொருளையும் கவனிக்க வேண்டும். 1784இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் பாப்டிஸ்ட் சபைகளின் சங்கம், ஜான் சட்க்ளிஃப் முன்வைத்த யோசனைப்படி, ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் ஜெபிக்கும்படி தன் சபைகளைக் கேட்டுக்கொண்டது. தங்கள் சொந்தச் சபைக்காக மட்டும் ஜெபித்து நின்றுவிடாமல், பிற சபைகளையும், பூமியின் தொலைவான பகுதிகளில் சுவிசேஷம் பரவுவதையும் நினைத்து மன்றாட வேண்டும் என்பது அந்த வேண்டுகோளின் சாரம். எட்டு ஆண்டுகள் கழித்து, 1792 அக்டோபரில், அதே வட்டாரத்திலுள்ள கெட்டரிங் ஊரில் பாப்டிஸ்ட் மிஷனெரி சங்கம் உருவானது. மறு ஆண்டே அந்தச் சங்கம் அனுப்பிய மிஷனெரி வில்லியம் கேரி வங்காளத்தில் கால் வைத்தார். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளும் அந்தச் சபைகளில் மாதாந்தர ஜெபம் ஆரவாரமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. உங்கள் கூட்டத்தில் பக்கத்துச் சபைக்காக, அது நம்மோடு மனத்தாங்கல் உள்ள சபையாக இருந்தாலும், பெயர் சொல்லி ஜெபிக்கும் வழக்கத்தை முதல் மாதத்திலேயே கொண்டுவாருங்கள்.

இந்த மாற்றம் குறைந்தது மூன்று மாதமாவது நிலைத்த பிறகே சிறப்புக் கூட்டத்துக்குத் தேதி பார்க்க வேண்டும்.

அறிக்கையும் ஒப்புரவும்

எழுப்புதலைப் பற்றிப் பேசும் எவரும் பாவ அறிக்கையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் இதுதான் மிகவும் எளிதில் தடம் மாறும் இடமும்கூட. நான் பின்பற்றும் அளவுகோல், பாவம் யாரைத் தொட்டதோ அந்த வட்டத்துக்குள் அறிக்கையும் நிற்க வேண்டும் என்பது. தேவனுக்கு முன்பாக மட்டும் நடந்ததைத் தேவனிடம் அறிக்கையிடுங்கள். ஒரு சகோதரனுக்கு விரோதமாக நடந்ததை, மத்தேயு பதினெட்டாம் அதிகாரம் காட்டும் வழியில், அவரிடமே போய்த் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். சபைப் பணத்தையோ சபையின் பெயரையோ தொட்டதைச் சபையாருக்கு முன் சொல்லுங்கள். கூட்டத்தின் உணர்ச்சி வேகத்தில் ஒருவர் எழுந்து தம் மனைவியின் குறையையோ நண்பரின் வீழ்ச்சியையோ தம் சாட்சிக்குள் இழுத்தால், நடத்துகிறவர் அன்போடு உடனே நிறுத்த வேண்டும்.

இரண்டு குடும்பங்கள் பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தையின்றி ஒரே பந்தியில் பங்கெடுத்துக்கொண்டிருக்கிற சபையில், வெளியிலிருந்து வரும் பிரசங்கியார் செய்யக்கூடியது மிகக் குறைவு. போதகரும் ஒரு மூத்த உதவிக்காரரும் அந்த வீடுகளுக்குத் தனித்தனியே போய், யார் சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், முதலில் இரு தரப்பையும் கேட்டுவர வேண்டும். ஒப்புரவை மேடையில் அரங்கேற்ற வேண்டாம். அவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனார்கள் என்ற செய்தி சபைக்குத் தானே எட்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கோ பலவீனருக்கோ இழைக்கப்பட்ட கொடுமை வெளிப்பட்டால், அதை மன்னிப்பு என்ற சொல்லால் மூடிச் சபைக்குள்ளேயே முடித்துவிடக்கூடாது. பாதிக்கப்பட்டவரைப் பாதுகாத்து, சட்டப்படி தெரிவிக்க வேண்டிய இடத்தில் தெரிவிப்பது போதகரின் கடமை.

சிறப்புக் கூட்டத்தை அமைக்கும் விதம்

நெகேமியா எட்டாம் அதிகாரத்தைத் திட்டமிடும் குழு முதலில் சேர்ந்து வாசிக்கட்டும். எருசலேமில் தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில், ஏழாம் மாதம் முதல் தேதியில், காலை தொடங்கி நண்பகல் வரை வேதபாரகனாகிய எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறான். ஆலயப் பணிவிடைக்காரராகிய லேவியர் அதற்கு அர்த்தம் சொல்லி விளங்கப்பண்ணுகிறார்கள். ஜனங்கள் அழுகிறார்கள், ஆனால் அழ வேண்டாம், போய்ப் புசித்து, ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று தலைவர்கள் அவர்களைத் தேற்றுகிறார்கள். இருபத்துநான்காம் தேதியில்தான் உபவாசமும், பகலில் கால் பங்கு வாசிப்பும், கால் பங்கு அறிக்கையும் நடக்கின்றன. அழுகை எழுந்த நாளிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட அவர்கள் அவசரப்படவில்லை.

ஆகவே மூன்று இரவுகள் போதும். ஐந்துக்கு மேல் போனால் உழைப்பவர்கள் களைத்துவிடுவார்கள். இரவுக்கு ஒரு தலைப்பு என்று சிதறாமல், வேதாகமத்தின் ஒரே புத்தகத்தை அல்லது ஒரே பகுதியைத் தொடர்ந்து விளக்கும்படி பிரசங்கியாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்புக் கடிதத்திலேயே செய்தியின் நேரம், சபையின் நிலை, காணிக்கை குறித்த உங்கள் வழக்கம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதிவிடுவது பிற்பாடு வரும் சங்கடங்களைத் தவிர்க்கும். வேதவாசிப்பு நீளமாக இருக்கட்டும். வாசிப்பவர் ஒரு வாரத்துக்கு முன்பே பகுதியைப் பெற்று உரக்க வாசித்துப் பழகியிருக்க வேண்டும். நல்ல வாசிப்பே பாதிப் பிரசங்கம் செய்துவிடும் இரவுகளும் உண்டு.

ஒப்புக்கொடுத்தலுக்கான அழைப்பைப் பற்றிச் சபைகளில் கருத்து வேறுபாடு இருக்கிறது. அழைப்புக் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை, ஆனால் விளக்கை மங்கவைத்து, ஒரே பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடி, யாராவது எழும்பும்வரை காத்திருப்பதை எதிர்க்கிறேன். கூட்டம் முடிந்ததும் பேச விரும்புகிறவர்கள் தங்கலாம் என்று அறிவித்து, ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணுமாக, முன்பே பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து கேட்பது மேலானது. அவர்கள் முதலில் கேட்க வேண்டும், பிறகே ஜெபிக்க வேண்டும்.

அந்த இரவில் தீர்மானம் எடுத்தவருக்கு உடனே ஞானஸ்நானம் கொடுக்க நெருக்கம் வரும். விசுவாசத்தை அறிக்கையிடுகிறவருக்கே ஞானஸ்நானம் என்பது பாப்டிஸ்ட் கொள்கையாதலால், அந்த அறிக்கையை நிதானமாகக் கேட்டறிவதும் அந்தக் கொள்கையின் பகுதியே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெயர்பெற்ற பாப்டிஸ்ட் பிரசங்கியார் ஸ்பர்ஜனின் லண்டன் சபையில், சேர வந்தவர்களை மூப்பர்கள் தனியே சந்தித்து, அவர்கள் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, பின்னர் சபையின் முன் கொண்டுவந்தார்கள். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்துகொண்டிருந்த சபை அது. அங்கேயே அதற்கு நேரம் இருந்தது.

பின்வரும் மாதங்கள்

நெகேமியாவின் புத்தகத்தில் எழுப்புதல் பத்தாம் அதிகாரத்தில் எழுத்தாக மாறுகிறது. பெயர் பெயராக முத்திரை போடுகிறார்கள், பொதுவான அர்ப்பணிப்போடு நிற்காமல், ஓய்வுநாளில் வாங்கமாட்டோம், ஆலயப் பணிக்கு வருஷத்துக்குச் சேக்கல் என்னும் வெள்ளி அளவில் மூன்றில் ஒரு பங்கு கொடுப்போம், பலிபீடத்துக்கு விறகு கொண்டுவரும் முறையைச் சீட்டுப்போட்டுத் தீர்மானிப்போம் என்கிறார்கள். விறகு வரை இறங்கிய தீர்மானம் அது. பதின்மூன்றாம் அதிகாரத்தில் நெகேமியா திரும்பி வந்து பார்க்கும்போதோ, லேவியர் பங்கு கிடைக்காமல் வயல்களுக்குப் போய்விட்டார்கள், ஓய்வுநாளில் திராட்சை ஆலை மிதிக்கிறார்கள், தீரு பட்டணத்தார் மீன் விற்கிறார்கள். வாக்குக் கொடுத்த அதே இடங்களில்தான் அவர்கள் சரிந்திருந்தார்கள்.

பாப்டிஸ்ட் சபைகளுக்கு இதற்கென்றே நெடுநாளைய வழக்கம் ஒன்று உண்டு: அங்கத்தினர் எப்படி நடந்துகொள்வோம் என்று ஒருவருக்கொருவர் எழுத்தில் கொடுக்கும் வாக்குறுதியாகிய சபை உடன்படிக்கை. இங்கிலாந்தின் பாப்டிஸ்ட் போதகர் பெஞ்சமின் கீச் 1697இலேயே ஒன்றை அச்சிட்டார், அமெரிக்காவில் ஜே. நியூட்டன் பிரவுன் 1853இல் வெளியிட்ட உடன்படிக்கை பல சபைகளின் சுவர்களில் இன்றும் தொங்குகிறது. பல இடங்களில் கர்த்தருடைய பந்திக்கு முன் அங்கத்தினர் கூடி அதை வாசித்து, ஒருவரோடொருவர் உள்ள நிலையைச் சரிபார்த்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. உங்கள் சபையில் உடன்படிக்கை இருந்தால் கண்ணாடிச் சட்டத்திலிருந்து அதை வெளியே எடுங்கள். பந்திக்கு முந்தைய வாரத்தில் முக்கால் மணி நேரம் அங்கத்தினரைக் கூட்டி, முழுவதையும் சேர்ந்து உரக்க வாசித்து, மாதத்துக்கு ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துப் பேசுங்கள். "ஒருவரையொருவர் நோயில் விசாரிப்போம்" என்ற வாக்கியம் வரும் மாதத்தில், வீட்டோடு படுத்திருக்கும் அங்கத்தினரின் பெயர்களை எழுதி, யார் யாரைப் பார்ப்பது என்று அங்கேயே பிரித்துக்கொள்ளலாம். சிறப்புக் கூட்டத்துக்கு வர முடியாமற்போன அந்த வீடுகளுக்குச் சபை நடந்து போவதற்கு இதைவிட எளிய வழி தெரியவில்லை.

சிறப்புக் கூட்டத்தில் எதையும் உணராதவர்களும் சபையில் இருப்பார்கள். அவர்களைக் குளிர்ந்தவர்கள் என்று முத்திரை குத்தாதீர்கள். ஆண்டுக்கணக்காக நாற்காலி அடுக்கிக் கணக்கெழுதி வருகிறவர்கள் அவர்களுக்குள்ளேதான் இருப்பார்கள். புதிய உற்சாகத்தில் புதிய கூட்டங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் அவர்கள்தான் முதலில் ஓய்ந்துவிழுவார்கள். ஒரு கூட்டத்தைச் சேர்க்கும்போது ஏதேனும் ஒன்றை நிறுத்துங்கள்.

கடைசியாக, கூட்டத்துக்குப் பின் ஆறாவது மாதத்தில் வரும் சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில், எடுத்த தீர்மானங்களை வாசிப்பதை முதல் பொருளாக இப்போதே எழுதிவையுங்கள். ஒவ்வொன்றையும் வாசித்து, நடந்தது எது, நடக்காதது எது என்று அங்கத்தினரே சொல்லட்டும். நடக்காதவற்றில் இன்னும் தேவையானதை ஒரு பொறுப்பாளரின் பெயரோடு மறுபடியும் எழுதுங்கள், மற்றவற்றைச் சபையின் சம்மதத்தோடு அடித்துவிடுங்கள்.